மொறுமொறுப்பு எண்ணெய்ச் சட்டியின் தனிச்சொத்து அல்ல

இறாலையோ கணவாயையோ பிரெட் தூளில் புரட்டி ஏர் ஃபிரையரில் வைத்தால் எப்படி வரும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: மேலே வெளுத்த தூள், உள்ளே காய்ந்த சக்கை. எண்ணெயில் முக்கிப் பொரிக்காத கடல் உணவில் மொறுமொறுப்பு வரவே வராது என்பது சமையல் தெரிந்தவர்களிடம்கூட முடிந்த முடிவாகிவிட்டது. இப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் தட்டுக்கு வந்தது அதுதான். ஆனால் அதற்குக் காரணம் கருவி அல்ல, கூடைக்குள் போவதற்கு முன் இறாலுக்கும் தூளுக்கும் நாம் செய்தது, செய்யத் தவறியது. இந்த முடிவுக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதல் காரணம், எண்ணெயில் மூழ்காமல் எதுவும் முறுகாது என்பது. முறுகல் என்பது என்ன? மேல்பூச்சில் இருக்கும் ஈரம் வெளியேறி, அதிலுள்ள மாவுச்சத்து வெந்து, பிறகு காய்ந்து விறைப்பது. சட்டியில் போட்டவுடன் சடசடவென்று எழும் குமிழிகள் எல்லாம் அப்படி வெளியேறும் நீராவிதான். அந்தக் குமிழி அடங்கும்போது முறுகல் ஏறத் தொடங்குகிறது. இதில் எண்ணெயின் முக்கிய வேலை சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. 180 டிகிரியில் இருக்கும் எண்ணெய் எல்லாப் பக்கமும் ஒட்டிக்கொண்டு நிற்பதால் அந்த வேலையை மிக வேகமாகச் செய்கிறது. காற்று அதே வேலையை மெதுவாகத்தான் செய்யும். அதனால்தான் ஏர் ஃபிரையரில் மின்கம்பிச் சுருளுக்கு மேலே வேகமான விசிறி வைத்திருக்கிறார்கள். காற்றடிக்கும் மொட்டைமாடியில் துணி சீக்கிரம் உலர்வதைப் போல, ஓடும் சூடான காற்று மேற்பரப்பு ஈரத்தை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. உலர்த்துவதில் காற்று எந்தச் சட்டிக்கும் சளைத்தது அல்ல.

அது பின்தங்குவது நிறத்தில். பிரெட் தூள் பொன்னிறமாக மாற அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். உலர்ந்த தூளைச் சுற்றிலும் காற்றே இருந்தால் அந்தச் சூடு சீராக ஏறுவதில்லை. ஒரு முனை கருகும், பக்கத்துத் துகள் வெளுத்தே நிற்கும். எண்ணெய்ச் சட்டியில் இரண்டு நிமிடத்தில் வரும் நிறத்துக்கு இங்கே பதினைந்து நிமிடம் காத்திருந்தால் அதற்குள் இறால் ரப்பராகிவிடும். இறாலுக்கு ஒரு நேரம், தூளுக்கு ஒரு நேரம். இரண்டையும் ஒரே அடுப்பில் ஒரே சமயத்தில் முடிக்கப் பார்ப்பதுதான் தோல்விக்கு வேர்.

தீர்வு மிக எளிமையானது. தூளை முதலிலேயே வறுத்துவிடுங்கள். ஒரு கப் தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அதாவது 15 மில்லி. வாணலியில் இரண்டையும் கலந்து, அடுப்பைச் சற்றுக் குறைவாக வைத்து, கை விடாமல் கிளறினால் நான்கைந்து நிமிடத்தில் மணம் கிளம்பும்; துகள்கள் தேன் நிறத்துக்கு வரும். கரண்டியால் அள்ளிப் போட்டால் சரசரவென்று சத்தம் கேட்க வேண்டும். உடனே அகலமான தட்டில் கொட்டி ஆறவிட வேண்டும், வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டிலேயே கருகிவிடும். இந்தத் தூளைப் பூசிய இறால், கூடைக்குள் நிறத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளே சதை வெந்தால் போதும், வேலை முடிந்தது.

எந்தத் தூள் என்பதும் முக்கியம். நம் வீடுகளில் கட்லெட்டுக்குப் புரட்டும் ரஸ்க் தூள் மாவு போல நைசாக இருக்கும். அது நெருக்கமாக அப்பிக்கொண்டு ஓடாகிவிடுகிறது. கடித்தால் கடினம்தான் தெரியும், மொறுமொறுப்பு தெரியாது. ஜப்பானியர் எபி ஃபுரை என்று செய்யும் பிரெட் தூள் இறாலுக்குப் பயன்படும் பாங்கோ வேறு மாதிரி. தொழிற்சாலைகளில் இதற்கான ரொட்டியை அடுப்பில் சுடாமல், மாவின் வழியே மின்சாரத்தைப் பாய்ச்சி வேகவைக்கும் முறை ஒன்று உண்டு. அதில் மேலோடே உருவாகாது. அந்த வெள்ளை ரொட்டியைச் சீவி உலர்த்தினால் நீளவாக்கில் துருவல் போன்ற சில்லுகள் கிடைக்கின்றன. சில்லுகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் காற்று உள்ளே புகுந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியேற வழி இருக்கிறது. பாங்கோ கிடைக்கவில்லையா? ஓரம் நீக்கிய பிரெட்டை ஃபிரீசரில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுக் கேரட் துருவியில் துருவி, தட்டில் பரப்பி உலர விடுங்கள். கையால் நொறுக்கிய சோளச் சில்லுகளும் நன்றாக வரும், அவை ஏற்கெனவே முறுகியவை. ரவையை மட்டும் விட்டுவிடுங்கள். ரவை முறுகத் தாராளமாக எண்ணெய் வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் மணலாக நெருடும்.

இரண்டாவது வாதம் விளம்பரத்தோடு சம்பந்தப்பட்டது. ‘எண்ணெயே இல்லாமல் பொரிக்கலாம் என்றார்கள், செய்து பார்த்தோம், வரவில்லை, ஆகவே எல்லாம் ஏமாற்று.’ 2010இல் பெர்லின் ஐஎஃப்ஏ கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் ஏர் ஃபிரையரை அறிமுகப்படுத்தியது. அதன் பின் ஆளுக்கொரு பெயரில் சந்தைக்கு வந்த கருவிகளை விற்கும்போது ‘எண்ணெய் இல்லை’ என்பதே பெரிய எழுத்தில் நின்றது. அதை அப்படியே நம்பி ஒரு துளிகூடச் சேர்க்காமல் செய்தால் தூள் மரத்தூளாகத்தான் இருக்கும். கொழுப்பு இல்லாத முறுகல் நாக்குக்கு வறண்டதாகவே படும். அதற்காக எண்ணெயில் மூழ்கடிக்க வேண்டும் என்று முடிவு கட்டுவது சரியா? மேலே சொன்ன 15 மில்லி எண்ணெய் கால் கிலோ உரித்த இறாலுக்குத் தாராளம். சட்டியில் அதே இறாலைப் பொரிக்க அரை லிட்டராவது ஊற்ற வேண்டும். அரை லிட்டரும் இறாலுக்குள் போகாது என்பது உண்மைதான். மிச்சம் என்ன ஆகிறது? மீன் வாடை ஏறிய அந்த எண்ணெயை எறிய மனம் வராமல் எடுத்து வைத்து, மறுநாள் அதிலேயே இன்னொரு மீனைப் பொரிக்கிறோம். திரும்பத் திரும்பச் சூடேறும் எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. அவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. உணவகங்களில் அதை அளக்கக் கருவி உண்டு. வீட்டுச் சமையலறையில் நிறத்தையும் வாடையையும் பார்த்துத்தான் தீர்மானிக்கிறோம். என்னைப் பொறுத்தவரை ஏர் ஃபிரையருக்கு ஆதரவான மிக வலுவான காரணம் இதுதான்: மிச்ச எண்ணெய் என்ற ஒன்றே இல்லை.

மூன்றாவது, ‘உள்ளே காய்ந்துவிடும்’ என்பது. காய்வது அதிக நேரத்தால். இறாலின் உள்சூடு 63 டிகிரியை எட்டினால் வெந்தது என்று கணக்கு. அங்கிருந்து சற்று மேலே போனாலே சதைநார் இறுகித் தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளத் தொடங்கும். எண்ணெயிலும் இதே கதைதான். அங்கே இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவதால் தப்பிக்கிறது. கிலோவுக்கு 30 நிற்கும் இறாலை உரித்து, வறுத்த தூள் பூசி, முன்கூட்டியே ஐந்து நிமிடம் சூடேற்றிய கூடையில் 200 டிகிரியில் வைத்தால் ஆறேழு நிமிடம் போதும். நான்காவது நிமிடத்தில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். ஒன்றை வெட்டிப் பாருங்கள்: கண்ணாடி போன்ற சாம்பல் நிறம் போய் நடுவிலும் வெள்ளை தெரிந்தால் எடுத்துவிடலாம். இரு விரல் பருமனுள்ள மீன் துண்டுக்கு எட்டு, ஒன்பது நிமிடம். கொடுவா இதற்கு அருமையான மீன், சதை அடுக்கடுக்காகப் பிரிந்து ஈரமாகவே நிற்கும்.

கணவாய் வளையம்தான் உண்மையில் கஷ்டமானது, அதை மறைக்க வேண்டியதில்லை. கணவாயை ஒன்று மிகக் குறைந்த நேரம் சமைக்க வேண்டும், அல்லது முக்கால் மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர்தான். சட்டியில் ஒன்றரை நிமிடத்தில் முடிகிற வேலையை வெளுத்த தூளோடு ஏர் ஃபிரையரில் பத்து நிமிடம் செய்தால் மெல்லவே முடியாது. வறுத்த தூளோடு ஐந்து நிமிடத்தில் எடுத்தால் நன்றாக இருக்கும். சட்டியில் பொரித்ததற்குச் சமம் என்று சொல்ல மாட்டேன், பக்கத்தில் நிற்கும். எளிதிலும் எளிது மீன் கட்லெட். இலங்கைக் கடைகளில் ரோல்ஸோடு கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருப்பார்களே, அந்தக் கட்லட்டின் உள்ளே இருக்கும் மீனும் உருளைக்கிழங்கும் முன்பே வெந்தவை. மேலே முறுகி உள்ளே சூடேறினால் போதும். முதன்முதலாக முயல்பவர்கள் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

நான்காவது, தூள் உதிர்ந்து கூடையில் கிடக்கிறது என்ற புகார். இதற்கு நம் மசாலாப் பழக்கமே காரணம். இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, தயிர் எல்லாவற்றையும் இறாலில் பிசைந்து ஊறவைத்து, சொட்டச் சொட்ட எடுத்துத் தூளில் போடுகிறோம். மசாலா வறுவலுக்கு அது சரி. பிரெட் தூள் பூச்சுக்கு அந்த ஈரம் பகை. சூடேறியதும் நீராவி அடியிலிருந்து கிளம்பிப் பூச்சைத் தூக்கிவிடுகிறது. விசிறிக் காற்று மிச்சத்தை முடித்துவிடும். எலுமிச்சைப் புளிப்பு சதையை முன்கூட்டியே இறுக்கியும் விடுகிறது.

செய்ய வேண்டியது வேறு. உரித்து நரம்பு எடுத்த இறாலில் கொஞ்சம் உப்புத் தடவிப் பத்து நிமிடம் விட்டால் நீர் விடும். சுத்தமான பருத்தித் துணியில் ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள். விரலால் தொட்டால் வழுக்காமல் ஒட்டிப் பிடிக்க வேண்டும், அதுதான் பதம். வால் நுனியைச் சாய்வாக வெட்டி உள்ளே தேங்கிய நீரைக் கத்தி முதுகால் வழித்துவிடுங்கள். ஜப்பானியச் சமையற்காரர்கள் எண்ணெய் தெறிக்காமலிருக்கச் செய்யும் வேலை இது, இங்கே ஈரம் சேராமலிருக்க உதவுகிறது. அடிவயிற்றில் குறுக்காக மூன்று நான்கு சின்னக் கீறல் போட்டு, கவிழ்த்துப் பலகையில் மெல்ல அழுத்தினால் சதைநார் விட்டுக்கொடுக்கும் சிறு சத்தம் கேட்கும். பிறகு இறால் சுருளாது. சுருளாத இறாலில் பூச்சு வெடிக்காது. மிளகாய்த்தூள், மிளகு, பூண்டுப் பொடி எல்லாம் மைதாவில் கலந்துகொள்ளலாம். மைதாவில் புரட்டித் தட்டி உதறி, அடித்த முட்டையில் தோய்த்து, தூளில் அழுத்திப் பதிக்க வேண்டும். தூவினால் நிற்காது. கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் மூடாமல் வைத்த பிறகே கூடைக்குப் போக வேண்டும். எலுமிச்சை சாப்பிடும்போது.

உறைந்த பாசா மீன் வாங்குபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் நீர் அதிகம். முழுக்க உறைநிலை போன பிறகு துணியில் வைத்து அழுத்தாவிட்டால் எந்தக் கருவியிலும் அது சொதசொதப்பாகத்தான் இருக்கும்.

‘கடையில் வாங்கிய பாக்கெட் மீன் விரல்கள் மட்டும் ஏர் ஃபிரையரில் நன்றாக வருகின்றன, நாம் செய்தால் வருவதில்லை’ என்றும் சொல்வார்கள். இதை எதிர்வாதமாகச் சொல்கிறவர்கள் தங்களை அறியாமல் என் பக்கம் பேசுகிறார்கள். அந்தத் துண்டுகள் தொழிற்சாலையிலேயே சூடான எண்ணெயில் சில நொடிகள் முக்கி எடுக்கப்பட்டு, பூச்சு உறைந்து நிறம் பிடித்த பின் உறையவைக்கப்பட்டவை. பிரிட்டனில் பேர்ட்ஸ் ஐ நிறுவனம் 1955இல் மீன் விரல்களை விற்கத் தொடங்கியதிலிருந்து அந்தத் தொழில் நிற்பது, வாங்கியவர் அதை எந்த அடுப்பில் சூடாக்கினாலும் முறுக வேண்டும் என்ற கணக்கில்தான். பாக்கெட்டில் அவர்கள் எண்ணெயில் முக்கி முடித்த வேலையை நாம் வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயில் தூளை வறுத்து முடிக்கிறோம். வேறுபாடு அவ்வளவே.

‘இது வெறும் சின்ன ஓவன்தானே’ என்ற ஏளனத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆம், விசிறி வைத்த சின்ன ஓவன்தான். சின்னதாக இருப்பதால் சீக்கிரம் சூடேறுகிறது, ஓட்டைக் கூடை என்பதால் அடிப்பக்கமும் காய்கிறது. 1400 வாட் கருவி 12 நிமிடம் ஓடினால் அதிகபட்சம் 0.28 யூனிட் மின்சாரம்.

கூட்டத்துக்கு உதவாது என்பது மட்டும் பாதி உண்மை. நான்கு லிட்டர் கூடையில் ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு இறால்தான், ஒன்றையொன்று தொடாமல். ஆசைப்பட்டு அடுக்கினால் ஒன்றின் ஆவியில் இன்னொன்று வெந்து, மொத்தமும் நமத்துவிடும். இருபது பேர் விருந்துக்குச் சட்டியை ஏற்றுவதே நல்லது. கரைத்த மாவில் தோய்க்கும் பஜ்ஜி வகைகளுக்கும் சட்டிதான். அந்த மாவு கூடை ஓட்டை வழியே ஒழுகிவிடும். நான்கு பேர் உட்காரும் மாலைச் சிற்றுண்டிக்கு இரண்டு சுற்று போதும். முதல் சுற்றில் வந்ததைத் தட்டில் குவிக்காமல் கம்பி வலைமேல் வையுங்கள், டிஷ்யூ தாளில் வைத்தால் அடிப்பக்கம் தன் ஆவியிலேயே ஊறிவிடும். இரண்டாவது சுற்று முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு நிமிடம் கூடையில் சேர்த்து வைத்து எடுத்தால் எல்லாத் துண்டும் ஒரே சூட்டில் மேசைக்குப் போகும். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் 170 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் சூடாக்கலாம். மைக்ரோவேவில் வைத்தால் பூச்சு துவண்டுவிடும், மறுபடி எண்ணெயில் போட்டால் எண்ணெய் குடிக்கும். கூடையில் மட்டும் முந்தைய நாள் முறுகல் ஏறக்குறைய முழுதாகத் திரும்பி வருகிறது.