மண் வெட்டிய கைகளுக்கு மண் எங்கே?

செப்டம்பர் 30ஆம் தேதிக்கு இரண்டு வரலாறு உண்டு. ஒன்றுக்கு அணிவகுப்பு, பேண்டு வாத்தியம், மலர்வளையம், படாகானா எல்லாம் நடக்கும். இன்னொன்றை நினைக்க நாதியில்லை.

1780 செப்டம்பர் 30 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இரண்டு ‘பயனீர்’ கம்பெனிகளைத் திரட்டியது. அதுவே 1831இல் மதராஸ் சேப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் ஆனது. பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் தலைமையிடம் வைத்திருக்கும் மதராஸ் என்ஜினியர் குரூப் அதுதான். 1892 செப்டம்பர் 30 அன்று அதே சென்னையிலிருந்து வருவாய்த்துறை அரசாணை 1010 வந்தது. நம் சனங்களுக்கு நிலம் ஒப்படைக்கச் சொன்ன ஆணை. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் பிறப்பு அங்கேதான்.

முதல் தேதியில் நம் பாட்டன்கள் கைக்கு மண்வெட்டி வந்தது. இரண்டாவது தேதியில் மண் வந்தது. மண்வெட்டி மட்டும் கையில் நிற்க, மண் யார் கைக்குப் போனது? பட்டாளத்து ரீயூனியன் மேடைகளில் கேட்கப்படாத கேள்வி இது. நம் இயக்க மேடைகளிலும் பட்டாளத்தோடு சேர்த்து இதை யாரும் கேட்டதில்லை. இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஆரணியிலிருந்தே தொடங்குவோம். ஆரணி என்றால் பட்டு. பட்டுக்கு முன்னால் ஆரணி ஒரு கோட்டை. 1751 டிசம்பரில் கிளைவ், ராஜா சாகிபின் படையை இங்கேதான் முறியடித்தான். 1780 செப்டம்பர் 10இல் காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் கம்பெனிப் படையை ஐதரும் திப்புவும் நாசம் செய்தார்கள். அந்த அடி வாங்கிய இருபதாம் நாள்தான் பயனீர் கம்பெனிகள் பிறந்தன. 1782 ஜூன் 2இல் அயர் கூட்டும் ஐதர் அலியும் மோதியதும் ஆரணியில்தான். நம் காலடி மண்ணில் நடந்த யுத்தங்கள் இவை. இந்த யுத்தங்களுக்குப் பாதை வெட்டியது யார், பீரங்கி இழுக்க ஆற்று மணலைச் செதுக்கிச் சாய்வு போட்டது யார், கோட்டைச் சுவருக்கு அடியில் பதுங்குகுழி தோண்டியது யார் என்று பாடப்புத்தகம் சொல்லாது. தளபதி பேர் இருக்கும். வெட்டினவன் பேர் இருக்காது.

வெட்டினவன் யார்? மதராஸ் சேப்பர் படையில் பறையர்கள் பெருந்தொகையாக இருந்தார்கள் என்பதை வெள்ளைக்காரன் எழுதிய பதிவுகளே சொல்கின்றன. காரணம் லேசானது. மண் சுமக்க, பிணம் புதைக்க, பாலம் கட்ட, சாக்கடை தோண்ட, கப்பல் ஏறிக் கடல் தாண்ட, ‘சாதி கெட்டுப்போகும்’ என்று சொல்லாத ஆள் வேண்டியிருந்தது. சேப்பர்களை ஆபீசர்கள் புகழ்ந்ததே இதற்காகத்தான். சீனாவுக்கும் பர்மாவுக்கும் போனார்கள். 1868இல் அபிசீனியாவுக்கும் 1882இல் எகிப்துக்கும் போனார்கள். ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன், பூட்ஸ் போட்டுக்கொண்டு பாதி உலகத்தை மிதித்தான். அந்தப் படையாளுக்கு இன்றைக்கும் பட்டாளத்தில் செல்லப்பெயர் ‘தம்பி’. பெங்களூரில் தம்பி. லீவில் ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால்? அந்தப் பெயர் என்னவென்று இந்த இதழ் படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் அடி வரும்.

தேசியம் பேசுகிறவர்களும் சில இடதுசாரி நண்பர்களும், ‘உங்க ஆளுங்க வெள்ளைக்காரனுக்குக் கூலிப்படையா இருந்தாங்களே’ என்பார்கள். ஆரணியையே எடுத்துக்கொள்வோம். பதினேழாம் நூற்றாண்டு தொட்டு ஒரு மராத்தியப் பிராமணக் குடும்பத்துக்கு ஜாகீர். நவாப் போய்க் கம்பெனி வந்தது, கம்பெனி போய் ராணி வந்தாள், ஜாகீர் அசையவில்லை. ஜமீன் ஒழிப்பு வரைக்கும் நிலைத்தது. அதை யாரும் துரோகம் என்று எழுதவில்லை, ‘பாரம்பரியம்’ என்று எழுதுகிறார்கள். ஊர் நிலத்தையே வைத்துக்கொண்டவன் பாரம்பரியம், வயித்துக்காக மண்வெட்டி பிடிச்சவன் கூலிப்படையா? குளத்துத் தண்ணியைக் கூடத் தொடவிடாத ‘தேச’த்துக்கு அவன் எப்படித் துரோகம் பண்ண முடியும்?

அடுத்த அடி நம் ஆட்களிடமிருந்தே வருகிறது. ‘நாமும் போர்ப் பரம்பரை, நாமும் ஆண்ட பரம்பரை’ என்று மார்தட்டுகிற புதுப்பழக்கம். தோழர்களே, இந்த வலையில் விழவேண்டாம். ‘போர்ச் சாதி’ என்கிற சரக்கு எங்கே தயாரானது? 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்துக்கும், 1885 முதல் 1893 வரை இந்திய ராணுவத்துக்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினான். பஞ்சாபி, பட்டாணியன், கூர்க்கா எல்லாம் வீரச்சாதி; மற்றவன் வெறும் ஆள். மதராஸ் காலாட்படை ரெஜிமெண்டுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1920களின் முடிவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1890களில் மகர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ராணுவ சுபேதார். ராணுவப் பள்ளியில் வாத்தியார். அந்தப் படிப்பு அந்த வீட்டுக்கு வந்த வழியே அடைபட்டது. மனுதர்மம் பிறப்பை வைத்துத் தொழிலைப் பிரித்தது. ராபர்ட்ஸின் தத்துவம் பிறப்பை வைத்து வீரத்தைப் பிரித்தது. நம்மைத் துரத்திய தத்துவத்தை நாமே எடுத்துத் தலையில் சூடிக்கொள்வதா? சேப்பர் படை அந்த வெட்டில் தப்பியது, யாரும் அவனை வீரச்சாதி என்று ஏற்றதால் அல்ல. அவன் செய்த வேலையை வேறு யாரும் செய்யத் தயாராக இல்லை.

அந்த வேலை எல்லாமே பெருமைப்படத் தக்கதும் அல்ல. நம் பாட்டன் போட்ட பாதை வழியாகத்தான் அடுத்தவன் நாட்டுக்குள் பீரங்கி போனது. அவன் உழைப்பை மதிக்கிறோம். அவன் எஜமானின் வெற்றிக்கு நாம் விழா எடுக்கத் தேவையில்லை.

பழைய பட்டாளத்து நினைவை எப்படிக் கையாள்வது என்று அம்பேத்கர் காட்டியிருக்கிறார். கோரேகாவ் தூண் கம்பெனி எழுப்பியது. 1818 ஜனவரி 1 சண்டையில் செத்தவர்களின் பெயர் வரிசையில் 22 மகர்கள். 1927 ஜனவரி 1 அன்று அவர் அங்கே போய் நின்ற பிறகு, ராணுவத்தின் நினைவுச்சின்னம் சனங்களின் கூடுமிடம் ஆனது. அவர் அங்கே போனது கம்பெனிக்குக் கும்பிடு போட அல்ல. படையில் மூடிய கதவைத் திற, தீண்டாமையை ஒழி என்று கேட்க. 1941இல் மகர் ரெஜிமெண்ட் வந்தது அந்தத் தொடர் போராட்டத்தால். 2018 ஜனவரி 1 அன்று அங்கே கூடிய சனங்கள் மேல் கல்லெறிந்தார்கள் என்றால், அந்தக் கூடுகை அவர்களுக்கு எவ்வளவு உறுத்துகிறது என்று புரிந்துகொள்ளலாம். ரீயூனியன் என்றால் அதுதான் ரீயூனியன்.

நம் வடாற்காடு நிலைமை என்ன? கண்ணமங்கலம் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்கிறார்கள். போளூர், செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துச் சேரிகளிலும் மிலிட்டரிக்காரர் வீடு என்று ஒன்று இருக்கும். மணியார்டர் வந்த வீடு. பிள்ளை படித்த வீடு. பென்ஷன் வருவதால் பண்ணையார் வாசலில் கைகட்டி நிற்காத வீடு. வாத்தியார், வி.ஏ.ஓ., இயக்கத் தோழர் எனப் பலர் வந்தது இந்த மாதிரி வீடுகளிலிருந்து. பட்டாளம் நமக்கு வீரம் தரவில்லை, அது நம்மிடம் முன்னமே இருந்தது. பட்டாளம் தந்தது மாதச் சம்பளம், அதன் பிறகு பென்ஷன். நிலம் இல்லாதவனுக்கு அதுவே நிலம்.

அதிலும் கைவைத்தாயிற்று. 2022 ஜூன் 14இல் அறிவித்த அக்னிபத் திட்டப்படி நாலு வருஷம் வேலை. அதன் பிறகு நூற்றுக்கு 25 பேருக்குத்தான் தொடர்ச்சி. மீதி 75 பேர் சுமார் 11.71 லட்சம் ரூபாயை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். பென்ஷன் கிடையாது. பத்து ஏக்கர் வைத்திருக்கிறவன் பிள்ளைக்கு இது நாலு வருஷ அனுபவம். சேரிப் பிள்ளைக்கு 22 வயசில் மறுபடியும் கூலி. படை ஆள்சேர்ப்பில் நமக்கு இடஒதுக்கீடும் இல்லை. ‘ராணுவத்தில் சாதி இல்லை’ என்பார்கள். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் மட்டுமே எடுக்கப்பட்டு வந்தார்கள். 1997 முதல் 2002 வரை கே.ஆர்.நாராயணன் குடியரசுத் தலைவர். நாட்டின் முப்படைக்கும் தலைவர் அவர்; அவர் சாதிப் பையனுக்கு அவர் குதிரைக்குப் பக்கத்தில் நிற்க இடமில்லை. இதுதான் சாதி இல்லாத ராணுவம்!

செத்தாலும் கதை இதுதான். 2016 ஜூனில் காஷ்மீரின் பாம்போரில் சுட்டுக் கொல்லப்பட்ட மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர் ஒருவரின் உடல் உத்தரப்பிரதேசத்துச் சொந்த ஊருக்கு வந்தது. பொது நிலத்தில் எரிக்க மேல்சாதிக்காரர்கள் தடை சொன்னார்கள். அதிகாரிகள் வந்து பேசித்தான் இடம் கிடைத்தது. தேசியக்கொடி போர்த்திய உடம்புக்கே பத்தடி மண் இல்லை.

ஆக, திரும்பத் திரும்ப மண்ணில்தான் வந்து நிற்கிறோம். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீர் எழுதிய அறிக்கை, நிலமில்லாததுதான் நம் அடிமைத்தனத்தின் வேர் என்று காட்டியது. அடுத்த வருஷம் அரசாணை வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்கிறார்கள். பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் நம் ஆட்களுக்கேதான் விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலத்தில் இன்றைக்கு யார் யாருக்கோ பட்டா. 1980களின் யு.டி.ஆர். பதிவு மாற்றத்தில் எத்தனை பெயர்கள் மாறின என்பது நிலப் போராட்டத் தோழர்களுக்குத் தெரியும். கேட்டதற்குப் பதில் துப்பாக்கி. 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுடப்பட்டுச் செத்தது காரணைப் பஞ்சமி நிலத்துக்காகத்தான்.

எனவே ரிட்டையர் ஆன மிலிட்டரிப் பெரியவர்களே, ரீயூனியனுக்குப் போங்கள். பழைய சிநேகிதர்களைக் கட்டிப்பிடித்துக் கொள்ளுங்கள். அங்கே எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: எங்க பாட்டனுங்க ஊரும் பேரும் இந்தப் படை வரலாற்றில் எங்கே? ஆள்சேர்ப்புப் பதிவேடுகளை மாணவர்களுக்குத் திறந்து விடுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். அக்னிபத் வேண்டாம், முழு சர்வீசும் பென்ஷனும் வேண்டும் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். உங்களை யாரும் தேசத்துரோகி என்று சொல்ல முடியாது.

மாணவத் தோழர்களே, ஆரணியைச் சுற்றிச் சேரி சேரியாகப் போங்கள். மிலிட்டரிக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம், மெடல், பழைய போட்டோ இருக்கும். செல்லரிப்பதற்குள் நகல் எடுங்கள். உயிரோடு இருக்கிறவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அதே கையோடு தாலுகா ஆபீசுக்குப் போய் அந்த ஊரின் அ-பதிவேட்டைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. டி.சி. நிலம் எந்த சர்வே எண்ணில் இருந்தது, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். ஒரு பக்கம் படைக்குப் போனவர் பட்டியல், எதிர்ப்பக்கம் பறிபோன நிலத்தின் பட்டியல். ஒவ்வொரு ஊருக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும்.

அடுத்த செப்டம்பர் 30 அன்று பெங்களூரில் பேண்டு வாசிக்கட்டும். ஆரணி தாலுகா ஆபீஸ் முன்னால் அந்த நோட்டுகளோடு நாம் கூடுவோம்.