வௌவாலைக் கொன்றால் சிறை, அது தொங்கும் மரத்தை வெட்டினால்? பழனி வட்டாரம் கவனிக்க வேண்டிய சட்ட ஓட்டை

பழனிக்குப் பக்கத்தில் இருக்கிறது பாலசமுத்திரம். தெற்கே மலைத்தொடர், அடிவாரத்தில் பாலாறு - பொருந்தலாறு அணை, வடக்கே போகப் போக வறண்ட சமவெளி. இந்தப் பக்கம் மாவும் தென்னையும், கொஞ்சம் தள்ளி ஆயக்குடியில் கொய்யா. பழம் கனியும் சமயத்தில் தோப்புக்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பது பழந்தின்னி வௌவால்தான். வெடி போடுவது, வலை கட்டுவது எல்லாம் பழைய வழக்கம். ஆனால் சட்டம் மாறிவிட்டது, அது பலருக்குத் தெரியாது.

என்ன மாறியது?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. காகம், எலி, சுண்டெலியோடு பழந்தின்னி வௌவால்களும் அதில் 'தொல்லை உயிரினம்'. யாரும் கொல்லலாம், கேள்வி கிடையாது. பக்கத்துத் தேனி மாவட்டத்தின் மேகமலையில் 1948-ல் பிடிக்கப்பட்ட சலீம் அலி பழந்தின்னி வௌவாலுக்கு மட்டும் பிற்பாடு விதிவிலக்கு கிடைத்தது. (அதையும் வேறு இனம் என்று நினைத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். புது இனம் என்று தெரியவந்ததே 1972-ல்தான்.)

2022-ல் வந்த திருத்தச் சட்டம், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. தொல்லை உயிரினப் பட்டியலே எடுக்கப்பட்டது. நம் ஊர்களில் பெரிய மரங்களில் கூட்டமாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால் இப்போது இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றாலோ பிடித்தாலோ 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆஸ்துமாவுக்கு நல்லது என்று நம்பி வேட்டையாடுவதும் இதில் அடங்கும்.

அப்போ விவசாயிக்கு வழியே இல்லையா? இருக்கிறது. பயிருக்கு ஆபத்து என்றால், பிரிவு 11-ன்படி தலைமை வனஉயிரினக் காப்பாளர் எழுத்துப்பூர்வமாக அனுமதி தரலாம். பிரிவு 62-ன் கீழ் குறிப்பிட்ட பகுதிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு 'தொல்லை' என்று அறிவிக்கும் அதிகாரமும் மத்திய அரசிடம் இருக்கிறது.

ஓட்டை எங்கே?

'வேட்டை' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில். கொல்வது, பிடிப்பது, கண்ணி வைப்பது எல்லாம் வேட்டை. பறவை, ஊர்வன என்றால் முட்டையையும் கூட்டையும் கலைப்பதுகூட வேட்டைதான். வௌவால் பாலூட்டி. முட்டையும் இல்லை, கூடும் இல்லை. பகலெல்லாம் மரத்தில் தொங்குகிறது. அந்த மரத்தைப் பற்றி இந்த விளக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது. மரம் காட்டுக்கு வெளியே, சாலை ஓரத்திலோ புறம்போக்கிலோ நின்றால் நிலைமை இன்னும் மோசம்.

வறண்ட நிலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நூற்றுக்கணக்கில் தொங்க ஆல், மருதம், புளி மாதிரி வயதான பெரிய மரம் வேண்டும், பக்கத்தில் தண்ணீரும் வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஒரே மரத்துக்குத் திரும்புகிற உயிரினம் இது. வெயில் ஏறினால் இறக்கையால் விசிறிக்கொள்ளும், உடம்பை நக்கிக் குளிர்வித்துக்கொள்ளும். அதற்கும் எல்லை உண்டு. ஆஸ்திரேலியாவில் 2018 நவம்பரில் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டியபோது, இரண்டே நாளில் இதன் உறவினமான வௌவால்கள் சுமார் 23,000 செத்து விழுந்தன. ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும் என்பதால் இழந்த எண்ணிக்கை சீக்கிரம் திரும்பாது.

நமக்கு என்ன லாபம் என்று கேட்டால், இலுப்பையைப் பாருங்கள். அதன் மகரந்தச் சேர்க்கையில் வௌவாலின் பங்கை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் வெளியான கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆல், அத்தி விதைகளைத் தொலைவுக்குக் கொண்டுபோய்ப் போடுவதும் இவைதான்.

சரி, கொன்றால் பழம் மிஞ்சுமா? மொரிஷியஸ் முயன்று பார்த்தது. லிச்சி விவசாயிகளுக்காக 2015, 2016-ல் பல்லாயிரம் வௌவால்களைக் கொன்றும் விளைச்சல் கூடவில்லை, அந்த இனம்தான் அருகிவரும் பட்டியலுக்குப் போனது. வலைதான் உருப்படியான வழி, அதுவும் மெல்லிய நைலான் மீன்வலை அல்ல. விரல் நுழையாத அளவு சின்னக் கண்ணி உள்ள வலையை இழுத்துக் கட்ட வேண்டும். செலவு அதிகம், சிறு விவசாயியால் முடியாது. பாதுகாப்பை அறிவித்த அரசுதான் வலைக்கு மானியம் பற்றியும் யோசிக்க வேண்டும்.

நிபா பயம் நியாயமானதே. அதற்குக் கடித்த பழத்தைத் தவிர்க்க வேண்டும், பதநீர்க் கலயத்தை மூடி வைக்க வேண்டும். மரத்தை வெட்டினால் வௌவால் காணாமல் போகாது, அடுத்த தெருவுக்கு வரும்.

மரத்தைக் காப்பாற்ற இன்னொரு சட்டம் கைகொடுக்கலாம். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002-ன் கீழ், இதே திண்டுக்கல் மாவட்டத்தில் காசம்பட்டி கோயில்காடு 2025-ல் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5 ஹெக்டேர்கூட இல்லை. அதே சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர் பதிவேடும் இருக்க வேண்டும். பாலசமுத்திரம் பேரூராட்சிக்கும் இது பொருந்தும். வௌவால் தொங்கும் மரம் எங்கே நிற்கிறது என்று அந்தப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி யாரும் கேட்கலாம். அது மட்டுமே கோடாரியைத் தடுக்காது. ஆனால் சாலை விரிவாக்கத்துக்கு அளவெடுக்க வரும்போது, எடுத்துக் காட்ட ஊரிடம் ஓர் ஆவணம் இருக்கும்.