தரையைத் தாங்கும் தரை

வீட்டின் தரை ஒரு பக்கமாகத் தாழ்வதும், பதித்த டைல்ஸ் மேலெழும்பிப் பெயர்வதும், சுவரோரத்து ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுவதும் தமிழ்நாட்டுத் தனி வீடுகளில் பரவலாகக் காணப்படும் குறைகளாகும். இவற்றுக்கு வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம், பெயர்ந்த டைல்ஸை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை ஒட்டுவது. ஆனால் பெரும்பாலும் கோளாறு கீழே உள்ள அடுக்குகளில் இருப்பதால், அவற்றைத் திறந்து பார்க்காத எந்தப் பழுதுபார்ப்பும் செலவை ஒத்திப்போடுகிறதே ஒழியத் தீர்ப்பதில்லை.

தரைத்தளத்துத் தரை என்பது பல அடுக்குகளின் தொகுப்பு. வெளித்தரை மட்டத்திலிருந்து உள்தரை மட்டம் வரை உயர்த்திக் கட்டப்படும் பகுதியைக் கட்டடத் தொழிலாளர்கள் பேஸ்மட்டம் என்பர். அதன் சுவர்களுக்கிடையே கிராவல் மண் நிரப்பப்படுகிறது. அதன்மேல் சுமார் 4 அங்குலக் கனத்தில், ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நான்கு பங்கு மணலும் எட்டுப் பங்கு ஒன்றரை அங்குல ஜல்லியும் சேர்த்த, கம்பியில்லாத கான்கிரீட் போடப்படுகிறது. கடைசியாகக் கலவையும் டைல்ஸும் வருகின்றன. கம்பியில்லாத கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குமேயன்றி வளைவைத் தாங்காது என்பதால், அடியிலுள்ள மண் முழுப் பரப்பிலும் அதற்கு முட்டுக் கொடுத்தாக வேண்டும். மண் ஓரிடத்தில் இறங்கினால் கான்கிரீட் அந்தரத்தில் நிற்கிறது; பீரோவோ குளிர்சாதனப் பெட்டியோ அதன்மேல் வரும்போது விரிசல் விடுகிறது.

மண் இறங்குவதற்கு முதற்காரணம், அது முறையாகத் திமிசு போடப்படாமை. திமிசு என்பது மண்ணை இடித்து இறுக்கும் கனத்த கட்டை. அந்த வேலைக்கும் அதுவே பெயர். 6 அங்குலத்துக்கு ஓர் அடுக்காக மண்ணைப் பரப்பி, தண்ணீர் விட்டு, இடித்த பின்னரே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். நடைமுறையிலோ லாரி லாரியாக மண்ணை ஒரே மூச்சில் கொட்டி, மேற்பரப்பில் மட்டும் தண்ணீர் விட்டு முடித்துவிடுவதுண்டு. தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் சாலை போடப்பட்டு வீடுகள் தாழ்ந்துபோன அனுபவத்தால், புதிதாகக் கட்டுவோர் பேஸ்மட்டத்தை நான்கடி, ஐந்தடி என உயர்த்துகின்றனர்; உயரம் கூடக்கூட நிரப்பும் மண்ணும், அது பின்னர் இறங்கக்கூடிய அளவும் கூடுகின்றன. இதனுடன் குளியலறைக் குழாயின் கசிவு மண்ணை அரிப்பதும், பெருச்சாளி வளை தோண்டுவதும், மண்ணோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட பலகைத் துண்டுகள் கறையானை வரவழைப்பதும் சேர்ந்துகொள்கின்றன. கரிசல் நிலத்தில், நனைந்தால் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் மண்ணின் இயல்பே தரையைத் தூக்கவும் இறக்கவும் போதுமானது.

எனவே உடைக்கும் முன் நோயறிய வேண்டும். மரக்கைப்பிடியால் தரையை ஒவ்வோர் அடியாகத் தட்டி, ஓசை மாறும் இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டால் பாதிப்பின் எல்லை கண்ணுக்குத் தெரியும். மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தை இரவில் குறித்துவைத்து, குழாய்களைத் திறக்காமல் காலையில் பார்த்தால் கசிவு உண்டா என்பது புலப்படும். டைல்ஸை எடுத்த இடத்தில், வெற்றுக் கான்கிரீட்டின்மேல் ஒரு முழச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் ஒட்டி, ஓரிரவும் அதற்கு மேலும் விட்டுவைத்தால், தாளின் அடியில் நீர் துளிர்ப்பதோ கான்கிரீட் கருத்திருப்பதோ அடியிலிருந்து ஈரம் ஏறுவதைக் காட்டிவிடும். தரை மட்டம் மாறாமல் டைல்ஸ் மட்டும் கூடாரம்போல் எழும்பியிருந்தால், மண்ணில் குறையில்லாமலும் இருக்கலாம். விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. ஆகவே சிமென்ட் பால் அதைப் பற்றுவதில்லை. சுவரோரத்தில் விரிவுக்கு இடமும் விடாதபோது அது மேலெழுகிறது. அங்கே பசைக்கலவை கொண்டு இடைவெளி விட்டுப் பதிப்பதே போதும்.

மண்ணே இறங்கியிருந்தால், ஓசை மாறிய எல்லைக்கு ஓரடி வெளியேவரை கான்கிரீட்டை நேர்கோட்டில் வெட்டி எடுத்து, கடப்பாரை எளிதில் இறங்காத உறுதியான மண் வரும்வரை தோண்ட வேண்டும். முதலில் குழாய்க் கசிவு சரிசெய்யப்பட வேண்டும். வளையிருந்தால் அதன் போக்கைத் தேடிக் கண்ணாடிச் சில்லு கலந்த கான்கிரீட்டால் அடைக்க வேண்டும். கறையான் தடம் இருந்தால், குடியிருக்கும் கட்டடங்களுக்கென இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 6313 வகுத்துள்ள முறைப்படி, பயிற்சி பெற்றவரைக் கொண்டு மருந்து செலுத்த வேண்டும். அதன்பின் அடுக்கடுக்காக மண் நிரப்பித் திமிசு போட்டு, ஈரத்தைத் தடுக்கத் தடித்த பாலித்தீன் தாளை விரித்து, ரசமட்டம் வைத்துக் கான்கிரீட்டைச் சமன்செய்து, குறைந்தது 7 நாள்களாவது அதை நனைத்து வைத்திருக்க வேண்டும். சிமென்ட் நீரோடு வினைபுரிந்தே இறுகுவதால், ஈரம் முன்கூட்டியே வற்றினால் வலிமை பாதியில் நின்றுவிடும்.

இவற்றில் எதுவும் அரிய தொழில்நுட்பமன்று. திமிசு போடுவதும் தண்ணீர் விடுவதும் எந்தக் கொத்தனாரும் அறிந்தவையே. கடைகடையாக ஏறி டைல்ஸின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள், மண் நிரப்பும் நாளில் பெரும்பாலும் களத்தில் இருப்பதில்லை. விலை பேசும்போதும் அந்த வேலைக்குத் தனிக் கூலி குறிக்கப்படுவதில்லை. கணக்கில் வராத வேலையே முதலில் சுருக்கப்படுகிறது. ஆகவே தரையைச் செப்பனிட ஒப்பந்தம் பேசுவோர், மண் அடுக்குகளுக்கும் திமிசுக்கும் நனைக்கும் நாள்களுக்கும் தனித்தனியே வரி எழுதி, உரிய கூலியையும் கொடுத்து, ஒவ்வோர் அடுக்கும் மூடப்படுமுன் நேரில் பார்ப்பது கடமையாகும். சறுக்கலும் தடுக்கலும் முதலில் வீழ்த்துவது வீட்டு முதியவரை என்பதால், இந்தக் கவனம் பணத்தை மட்டும் காப்பதில்லை.