எங்கள் வம்சத்தில் கோப்பை கழுவியவர் எவருமில்லை

இரண்டு வருடங்களுக்கு முன்னர் இல்ஃபோர்ட் மண்டபம் ஒன்றில் ஒரு வம்சாவளி மலர் வெளியிட்டார்கள். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், நடுவில் விரித்துப் பார்ப்பதற்கு மடித்துவைத்த பெரிய மரம். அன்று சாப்பாடு கொண்டுபோனவர்கள் நாங்கள். சட்டிகளை இறக்கி வைத்துவிட்டு உரைகள் முடியும்வரை சுவரோரம் நின்றோம். உரைகள் முடியவில்லை, சோறுதான் ஆறியது. அந்த இடைவெளியில் மேசையிலிருந்த மலர் ஒன்றை எடுத்துப் புரட்டினோம்.

மரத்தின் அடியில் தொண்டைமண்டலத்திலிருந்து வந்த ஒரு முதலி. அவருக்கு மேலே மணியகாரர், உடையார், புரொக்ரர், மலாயன் பென்சனியர், டொக்டர், இஞ்சினியர், எக்கவுண்டன்ற். பன்னிரண்டு தலைமுறைகளில் ஒருவராவது கூலிக்கு மண்வெட்டி பிடிக்கவில்லை. சிறையிருந்தவர் இல்லை, கடன்பட்டு ஓடியவர் இல்லை, சாதி மாறிக் கலியாணம் முடித்தவர் இல்லவே இல்லை. மலரை வெளியிட்ட பெரியவர் இந்நாட்டுக்கு வந்த புதிதில் ஆறு வருடம் பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை செய்தவர். அது மண்டபத்திலிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். மலரில் அந்த ஆறு வருடங்களும் 'மேற்படிப்பு' என்று இருந்தன.

சிரித்துவிட்டு வந்திருப்போம். ஆனால் அந்தக் கிழமையே இன்னொரு வம்சாவளியையும் பார்க்க நேர்ந்தது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

இல்ஃபோர்ட் கிளெமென்ற்ஸ் றோட்டிலுள்ள நூலகத்துக்கு எங்கள் ஓய்வுநாளில் போவதுண்டு. சூடான இடம், காசில்லை, ஒருவரும் எழுப்ப மாட்டார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருந்தார். வடக்கே ஓல்டாமில் பஞ்சாலைகளில் வேலை செய்த குடும்பம். கொம்பியூற்றர் திரையில் 1881ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின் ஒரு பக்கத்தைத் திறந்து எங்களுக்குக் காட்டினார். அப்பன் நூற்பு வேலை. தாய் பஞ்சு சிக்கெடுக்கும் அறையில். பத்து வயது மகளின் பெயருக்கு நேரே 'அரை நேரத் தொழிலாளி'. அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளிக்கூடம். 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு வயதிலிருந்து பிள்ளைகளை அப்படி வேலைக்கு விட அனுமதித்தது. "இது என்ரை பாட்டன்ரை அக்கா" என்ற பொருள்பட, விரலைத் திரையில் வைத்துக் கிழவர் பெருமையோடு சொன்னார். ஆமாம், பெருமையோடு. எங்களுக்கு அதுதான் முதலில் விளங்கவில்லை.

அவரிடம் இருந்த கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 1837 ஜூலை 1இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு தொடங்கியது. அதற்கு முன்னர் கோவிற்பற்று ஏடுகள். அவை தொடங்கியது 1538இல். திருமணப் பதிவில் மணமகள் கையெழுத்திட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளடி. எங்கள் பாட்டிமாரின் கைநாட்டு மாதிரி. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதும்படி கணக்கெடுப்போருக்குச் சொல்லியிருந்தார்கள். முப்பத்துநாலு வயதுக்காரர் முப்பது ஆனார். எங்கள் ஆட்களில் எத்தனைபேர் கடதாசியில் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆனால் எங்களை உலுக்கியது வேறொரு கடதாசி. 1662ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஏழை ஒருவர் எந்தக் கோவிற்பற்றுக்கு உரியவரோ அங்கேதான் அவருக்கு உதவி. வேறிடத்தில் போய் வறுமைப்பட்டு நின்றால் இரண்டு நீதவான்களின் முன் கொண்டுபோய் நிறுத்தி விசாரிப்பார்கள். எங்கே பிறந்தாய்? தகப்பன் எவ்வூர்? எந்த எசமானிடம் ஒரு வருடம் முழுதாக வேலை செய்தாய்? தொழில் பழகியது எங்கே? கலியாணம் எப்போது, எங்கே? சொன்னதை எழுதி வாசித்துக்காட்டிப் புள்ளடி வாங்குவார்கள். பதில் பிடிக்காவிட்டால் ஓர் ஆணை. 'றிமூவல் ஓர்டர்'. குழந்தை குட்டிகளோடு ஏற்றி, பழைய கோவிற்பற்றுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்தச் சொல்லை எங்களுக்கு விளக்க ஒருவரும் தேவையில்லை. இதற்கு இன்றும் அதே பெயர்தான்.

கிழவரின் பாட்டனுக்குப் பாட்டன் அப்படி விசாரிக்கப்பட்டவர். அந்த ஒரு பக்கத்தில்தான் அவருடைய வாழ்க்கை முழுதும் இருக்கிறது. விசாரித்தவர்கள் அவரை நேசித்து எழுதவில்லை. துரத்துவதற்காக எழுதினார்கள். அவர்கள்மேல் கிழவருக்கு ஒரு சதமும் நன்றியில்லை. ஆனால் அந்தக் கடதாசியை அவர் ஒளிக்கவில்லை. தன் பேரப்பிள்ளைகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

பஞ்சாலைத் தொழிலாளர் வம்சத்துக்கு முதலிகள் இல்லை. றொபேட் பிளின்கோ என்றொருவர். 1792 அளவில் பிறந்தவர், தாய் தகப்பன் யாரென்று கடைசிவரை தெரியாதவர். லண்டன் சென் பாங்கிராஸ் வறியோர் விடுதியில் வளர்ந்து, 1799இல் ஏறக்குறைய 80 பிள்ளைகளோடு நொட்டிங்காமுக்கு அருகே லௌடம் பஞ்சாலைக்கு வண்டியில் ஏற்றி அனுப்பப்பட்டார். பிறகு லிற்றன் ஆலை. அங்கே பட்ட அடியையும் பசியையும் அவர் சொல்ல, ஜோன் பிறவுன் என்பவர் எழுதினார். 1828இல் பத்திரிகையொன்றில் வந்து, 1832இல் தனிப் பிரசுரமானது. குழந்தைத் தொழிலாளர் பற்றிய போராட்டத்தில் அது ஓர் ஆயுதமாயிற்று. பிளின்கோவின் மகன் கேம்பிறிட்ஜில் படித்துப் பாதிரியார் ஆனார். எம்மவர் குடும்பம் ஒன்றில் இது நடந்திருந்தால் மலர் எங்கிருந்து தொடங்கியிருக்கும்? பாதிரியாரிலிருந்து. வறியோர் விடுதி 'லண்டன் மாநகரில் கல்வி கற்று' என்று ஆகியிருக்கும்.

'எமக்கு ஆவணம் இல்லையே' என்று ஒரு பல்லவி உண்டு. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 1981க்குப் பிறகு வடக்கு முழுமையாக எண்ணப்பட்டது 2012இல்தான். இடைப்பட்ட காலத்தில் ஓடிவந்த நாம் ஊரிலும் எண்ணப்படாதவர்கள். இவையெல்லாம் உண்மை. இந்த உண்மையைச் சொல்லிக்கொண்டே இன்னொன்றை மறைக்கிறோம் என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

இல்ஃபோர்டிலிருந்து எலிசபெத் தடத்தில் ஸ்ராற்போர்ட் வந்து, றிச்மண்ட் போகும் ரயிலில் ஏறினால் கியூ கார்டன்ஸ். அங்கே பிரித்தானியாவின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. உள்ளே போகக் காசு இல்லை. அங்கே ரி 71 என்ற தொடரில் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் அடிமைப் பதிவேடுகளை வைத்திருக்கிறார்கள். கரிபியன் தீவுகளின் ஏடுகள் பல. இலங்கையின் ஏடுகளும் உண்டு.

சற்று நின்று இதை யோசிக்க வேண்டும். மான்செஸ்ரருக்கு அருகே ஸ்ரையல் என்ற ஊரில் குவாறி பாங்க் பஞ்சாலையை 1784இல் தொடங்கியவர் சாமுவேல் கிறெக். வறியோர் விடுதிப் பிள்ளைகளைத் தொழில் பழகுநர்களாக எடுத்து வேலை வாங்கினார். அவர் குடும்பத்துக்கு டொமினிக்காத் தீவில் அடிமைகள் வேலை செய்த தோட்டமும் இருந்தது. ஒரே முதலாளிக்கு இரண்டு பெயர்ப்பட்டியல்கள். ஒன்றில் வெள்ளைப் பிள்ளைகள், மற்றதில் கறுப்பு மனிதர். இன்று இரண்டு பட்டியல்களிலும் உள்ளவர்களின் வழித்தோன்றல்கள் தம் ஆட்களைத் தேடி வருகிறார்கள். அடிமையின் பேரப்பிள்ளை எசமானின் கணக்குப் புத்தகத்தில் தன் பூட்டியின் பெயரைக் கண்டு அழுகிறாள், அதைப் புத்தகமாக எழுதுகிறாள்.

எமது ஆட்களில் எத்தனைபேர் ரி 71ஐக் கேட்டு வாங்கியிருப்பார்கள்?

யாழ்ப்பாணத்தில் அடிமை முறை இருந்ததென்று சொன்னாலே 'அது வேறை' என்பார்கள். எது வேறு? டச்சுக்காரர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதியே இருக்கிறது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று பெயர் சொல்லியிருக்கிறது. அதே சட்டத்தின் காணி, சீதன விதிகளை இன்றும் பெருமையோடு தூக்கிப்பிடிக்கிறோம். அந்தப் பகுதியை மட்டும் புரட்டிவிடுகிறோம். 1821இல் ஆங்கிலேய அரசு கோவியர், நளவர், பள்ளர் அடிமைகளுக்குப் பிறக்கும் பெண்குழந்தைகளை விலைகொடுத்து விடுவித்தது. சட்டப்படி அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1844இல். அது அந்தப் பன்னிரண்டு தலைமுறை மரத்தின் நடுக்கிளைக் காலம். கிளையில் உடையார் இருக்கிறார். அவருடைய வயலில் நின்றவர்கள் எங்கே?

யாழ்ப்பாண வைபவமாலையும் இப்படித்தான். டச்சு அதிகாரி ஒருவர் கேட்க மயில்வாகனப் புலவர் எழுதிய அந்நூலில் வந்து குடியேறிய தலைவர்களுக்குப் பெயருண்டு, ஊருண்டு. அவர்களுடைய குடிமைகளுக்குத் தொகையும் தொழிலும்தான். ஏகாதிபத்தியத்தின் கணக்கப்பிள்ளையாவது அடிமைக்கு ஒரு பெயர் எழுதினான். நாம் அதையும் எழுதவில்லை.

பாட்டனின் கடதாசி ஒரு பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் மலையகத்தைப் பார்க்கட்டும். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது? உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவனா, இல்லையேல் உன் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்களா, காட்டு. கொழுந்து பறித்தவளிடமும் கவ்வாத்து வெட்டியவனிடமும் மூன்று தலைமுறைப் பத்திரம் கேட்டார்கள். காட்ட முடியாத லட்சக்கணக்கானோர் ஒரே அடியில் நாடற்றவரானார்கள். அந்த ஆண்டே தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அதே அரசில் அமைச்சரானார். 1949இல் கட்சி பிளந்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேரை இலங்கைக்கு என்று பிரித்து எழுதினார்கள். வம்சாவளி மலர்காரருக்கு அதுவும் 'வேறை'தான்.

இங்கேயும் அதுதான். கரிபியனிலிருந்து வந்தவர்களின் தரையிறங்கும் அட்டைகளைப் பிரித்தானிய உள்துறை அமைச்சு 2010இல் அழித்தது. பிறகு அதே ஆட்களிடம் நீ எப்போது வந்தாய் என்று ஆதாரம் கேட்டார்கள். 2018இல்தான் விடயம் வெளியே வந்தது. ஐம்பது வருடம் பஸ் ஓட்டியவர்களுக்கும் ஆஸ்பத்திரி கழுவியவர்களுக்கும் இந்த நிலை. எமது பிள்ளைகளுக்கு வராதென்று எந்தச் சாத்திரி சொன்னான்?

எங்களை விலக்கிவிட்டு இதை எழுதினால் நாங்களும் மலர்காரர்களே. ஆகவே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

போன மாரியில் எங்களோடு வேலை செய்த ஒருவர் இறந்துபோனார். பதினொரு வருடம் ஒரே தொட்டியில் கோப்பை கழுவியவர். அறையில் நித்திரையிலேயே போய்விட்டார். இங்கே அவருக்கு உறவென்று ஒருவரும் இல்லாததால் செத்தவீட்டை எடுத்து நடத்தியவர்கள் நாங்கள், மரணத்தைப் பதியப் போனவர்களும் நாங்கள். பதிபவர் கேட்டார். பிறந்த திகதி? கடதாசியில் ஜனவரி ஒன்று. ஊரிலிருந்த தமக்கை போனில் ஆவணிமாதம் என்றார். பிறந்த இடம்? பக்கத்து ஊரின் பெயரைத்தான் அவர் எப்போதும் எல்லோருக்கும் சொல்லிவந்தார். ஏன் என்று எங்களுக்குத் தெரியும், அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. தொழில்?

தமக்கை மறுபக்கத்தில் அழுதுகொண்டே சொன்னார்: "தம்பியவை, கோப்பை கழுவினவன் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. இவளுக்கு இப்பத்தான் கலியாணம் பேசியிருக்கு. மனேச்சர் எண்டு போடுங்கோ."

போட்டோம். ரெஸ்ரோரண்ட் மனேச்சர். பதிபவர் எழுதினார், நாங்கள் கையெழுத்து வைத்தோம். புள்ளடி இல்லை, நல்ல வடிவான கையெழுத்து. எங்களில் இரண்டுபேர் பல்கலைக்கழக வாசல்வரை போனவர்கள் அல்லவா.

அந்தத் தமக்கையை நாங்கள் குறை சொல்லவில்லை. கோப்பை கழுவிய காசில் வீடு கட்டியவர்களும், அந்தக் காசில் படித்தவர்களும், கோப்பை கழுவியவனின் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்கிற ஒரு சமூகத்தில் அவர் வேறென்ன சொல்லுவார்? மண்டபத்தில் மலர் வெளியிடுகிறவர்கள்தான் அவர் வாயில் அந்தச் சொல்லை வைத்தவர்கள். அதைப் பதிவேட்டில் வைத்தவர்கள் நாங்கள்.

இன்னும் நூறு வருடத்தில் அந்தப் பெண்ணின் பேரப்பிள்ளைகளில் ஒன்று இதே நூலகத்திலோ, அப்போது என்ன இருக்குமோ அதிலோ தேடினால், பாட்டியின் மாமன் ஒரு மனேச்சர். வேறு ஊரில் பிறந்தவர். தை மாதத்தில் பிறந்தவர். மூன்றும் பொய். ஓல்டாம் சிறுமிக்கு எதிரி எழுதியதாவது உண்மை.

பதிவைத் திருத்தலாம் என்று அறிந்தோம். விண்ணப்பிக்க வேண்டும். பழைய சொல்லை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதுவார்கள். தமக்கையோடு கதைத்தோம். இரண்டு மாதம் பதிலில்லை. பிறகு ஒருநாள் அவரே எடுத்து, "உங்கடை விருப்பம்" என்றார். படிவத்தை நிரப்பத் தொடங்கினோம். முன்னர் எழுதியது பிழை என்பதற்கு ஆதாரம் இணைக்கச் சொல்கிறார்கள். பதினொரு வருடமும் அவருக்குச் சம்பளம் கையில் காசாகத்தான். ஒரு துண்டு இல்லை.