என்னை விஞ்ஞானி ஆக்காதீங்க

போன ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்ல இருந்து அக்கா பையன் வந்திருந்தான். கொட்டகையில ஓடிட்டிருந்த லேத்தைப் பார்த்துட்டு செல்ஃபி எடுத்தான். "மாமா, நீங்க கிராமத்து விஞ்ஞானி!"ன்னான். பாராட்டாத்தான் சொன்னான். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஏன்னா, அந்த லேத்தை ஓட்டுறது அவங்க வீட்டு டிரெட்மில் மோட்டார். அதுல கெட்டுப்போனது டிஸ்ப்ளே போர்டு மட்டும்தான். சர்வீஸ் ஆள் வந்து, "இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்லை, புதுசு வாங்கிக்குங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். ரெண்டு வருஷம் அதுமேல துணி காயப் போட்டாங்க. கடைசியில எடைக்குப் போட இருந்ததை நான் வண்டியில ஏத்திட்டு வந்தேன். பிரிச்சுப் பார்த்தா 180 வோல்ட் டி.சி. மோட்டார், கார்பன் பிரஷ் பாதிகூடத் தேயலை.

என் லேத் பழசு, மூணு பேஸ் மோட்டார். வீட்டுக்கு வர்றது சிங்கிள் பேஸ். தோட்டத்துல மூணு பேஸ் உண்டு. ஆனா அது பம்புசெட்டுக்காக இலவசமாக் கொடுக்கிற கரண்ட், அதுல லேத் ஓட்டுறது தப்பு. அதனால சும்மா கிடந்தது. கலப்பைக்கு ஒரு பின், ஒரு புஷ் கடையணும்னா டவுனுக்குப் போய் அரைநாள் காத்திருக்கணும். மழை பேஞ்சு விதைக்கிற நேரத்துல அரைநாள் போனா ஈரமும் போச்சு.

இப்ப அந்த வேலை வீட்டிலேயே முடியுது. மாயமந்திரம் எதுவும் இல்லை. மோட்டார் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுத்துக்கு மேல ஓடும். போர்டை வச்சே வேகத்தைக் குறைச்சா இழுவைக்குப் பவர் இருக்காது. அதனால 2 இஞ்ச் புல்லியில இருந்து 10 இஞ்ச் புல்லிக்கு பெல்ட் போட்டு, ஐந்தில் ஒரு பங்காக் குறைச்சேன். மிச்சத்தை மட்டும் போர்டு பார்த்துக்குது.

"இது ஆபத்து இல்லையா?"ன்னு கேப்பீங்க. ஆபத்துதான். வேகம் கூட்டுற குமிழ் வரைக்கும் மெயின் கரண்ட் வர வாய்ப்பிருக்கு. பிளாஸ்டிக் குமிழும் எர்த்தும் கட்டாயம். மோட்டார்ல இருக்கிற ஃபேன் இரும்புச் சீவலை உள்ளே இழுக்கும், உள்ளே இருக்கிற காந்தம் அதைப் பிடிச்சு வச்சுக்கும். காத்து போற மாதிரி மறைப்பு வேணும். ஃப்ளைவீல் மரையில முறுக்கி இருக்கும். எதிர்ப்பக்கம் சுத்தவிட்டா கழண்டு பறக்கும். இதெல்லாம் செஞ்சவனுக்குத் தெரியும். தெரிஞ்சவன் சொல்லாததாலதான் நானும் ஒவ்வொண்ணாத் தட்டுத்தடுமாறிக் கத்துக்கிட்டேன். ஒரு சர்க்யூட் படம் கொடுத்திருந்தா இந்த ஆபத்தில் பாதி இருக்காது.

2022ல மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு குழு போட்டுச்சு, போர்ட்டலும் திறந்துச்சு. நல்லது. ஆனா உரிமைங்கிறது போர்ட்டல்ல இருந்தா போதுமா? ஸ்பேர் கடையில இருக்க வேண்டாமா?

நீங்க சாமான் வாங்கும்போது எத்தனை ஆஃபர்னு கேக்குறீங்க. பத்து வருஷம் கழிச்சு போர்டு கிடைக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க கேட்காத வரைக்கும் அவங்க செய்யமாட்டாங்க. நல்ல மோட்டார் எடைக்குப் போகும். அதுல தப்பிச்ச ஒண்ணை எவனாவது ஓட்டினா, அவனுக்கு விஞ்ஞானி பட்டம்.

பட்டம் வேண்டாம் மாப்ளை. அந்த சர்க்யூட் படத்தை வாங்கிக் கொடு.