பிள்ளை யாருக்குத் தடை?

டிசம்பர் பிறந்துவிட்டால் புதுவையில் கிறிஸ்தவர் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரம் தொங்கும். உள்ளே வைக்கோலும் மண் பொம்மைகளுமாகக் குடில் எழும்பும். அந்தக் குடிலில் ஓர் ஓரமாகக் கோலூன்றி நிற்கிறாரே சூசையப்பர், அவர் யார்? தாம் பெறாத பிள்ளையைத் தம் பிள்ளையாக வளர்த்தவர். தச்சு வேலை செய்து அதற்குச் சோறு போட்டவர். அவர் எதிரில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். நம்மில் பலரும் போய்க் கும்பிட்டுவிட்டு, கேக்கும் வாங்கிக்கொண்டு வருகிறோம்.

நல்லது. அதே டிசம்பரில் கதிர்காமத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கும் தாய் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது முப்பத்திரண்டு. கணவன் போய் நாலு வருஷம். எட்டு வயதில் ஒரு பையன். ஆஸ்பத்திரியில் உத்தியோகம். கோவிலில் குடில் கட்டும் இடத்தில், மனைவியை இழந்த ஒருவர் தம் பெண்குழந்தையோடு அவளுக்கு அறிமுகமாகிறார். குழந்தைகள் இரண்டும் ஒரே பசை டப்பாவுக்குச் சண்டை போடுகின்றன. பெரியவர்கள் சிரிக்கிறார்கள். மறுநாளும் சிரிக்கிறார்கள். தெருவுக்கு இது போதாதா?

அவரைப் பற்றித் தெரு என்ன சொல்லும்? "பாவம், பெண்குழந்தையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தவிப்பார்? குழந்தைக்காகவாவது ஒருத்தியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்." அவளைப் பற்றி? "அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டக் கூடாதா இவள்?"

ஆணுக்குக் குழந்தை இருப்பதால் அவன் மணக்க வேண்டும். பெண்ணுக்குக் குழந்தை இருப்பதால் அவள் மணக்கக் கூடாது. இது எந்த ஊர் நியாயம், ஐயா? கதிர்காமம் என்பதே வள்ளியைத் தேடிப் போன முருகனின் இலங்கைத் தலத்துப் பெயர். தெய்வயானை இருக்கும்போதே தேடிப் போனவர் அவர்! அவரை யார் கேட்டோம்? போகட்டும்.

தெருவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சட்டமும் இதே பாஷையைத்தான் பேசியது. விதவை மறுமணத்துக்கு வழிவிட்ட 1856-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் புகழ்கிறோமே, அதே சட்டம் அவள் மறுமணம் செய்தால் இறந்த கணவன் சொத்தில் அவளுக்கிருந்த உரிமையைப் பறித்தது. குழந்தைகளுக்கு வேறு கார்டியன் கேட்டுக் கணவன் வீட்டார் கோர்ட்டுக்குப் போகவும் இடம் வைத்தது. 1983-இல்தான் அது ரத்தாயிற்று. பிரெஞ்சுக்காரன் மட்டும் என்ன வாழ்ந்தான்? 1881-இல் புதுவை இந்தியர்கள் தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என்றானே, அந்தச் சட்டத்தின் 1804-ஆம் வருஷத்து மூலத்தைப் பாருங்கள். மறுமணம் செய்யப்போகும் தாய், குழந்தையின் கார்டியனாக நீடிக்கலாமா என்று உறவினர் சபையைக் கூட்டிக் கேட்க வேண்டும். தகப்பனுக்கு அப்படி ஒரு விதி அதில் இல்லை.

மதம் தடுக்கிறதா என்றால் அதுவும் இல்லை. இளம் விதவைகள் மணம் செய்துகொள்ளட்டும் என்றுதான் பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதினார். பாதிரியார் மனமார மந்திரித்துக் கொடுப்பார். கோவிலுக்கு வெளியே நிற்கிற நாம்தான் முகத்தைச் சுளிக்கிறோம்.

"மாற்றாந் தகப்பன் பிள்ளையைக் கொடுமை செய்வானே" என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. செய்கிறவனும் இருப்பான். சிற்றன்னைக் கொடுமையைப் பாட்டிமார் எத்தனை கதைகளில் சொல்லி அழவைத்திருக்கிறார்கள்! அதற்காக எந்தத் தாரமிழந்தவன் கல்யாணம் நின்றது?

நம் பத்திரிகைக் கதைகளும் இந்த விஷயத்தில் கோழைகள். மறுமணம் செய்துகொள்ளும் கதாநாயகிக்குப் பெரும்பாலும் குழந்தை இராது. இருந்தால் வாசகர் அனுதாபம் போய்விடுமாம். 1908 முதல் பத்து வருஷம் புதுவையில் வாழ்ந்த பாரதியார் 'சந்திரிகையின் கதை'யில் விதவை விசாலாட்சியின் இடுப்பில் ஒரு குழந்தையைக் கொடுத்தே அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். அண்ணன் பெற்ற குழந்தைதான். ஆனாலும் அந்தத் துணிச்சல் அப்போது இருந்தது.

திருவருகைக் காலத்தில் கத்தோலிக்கர் கல்யாணத்தைத் தவிர்ப்பது வழக்கம். மார்கழியில் நாமும் வைப்பதில்லை. ஆகவே பேசித் தீர்க்கத் தெருவுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. பேசட்டும். தையில் பத்திரிகை வந்தால் போய்விட்டு வாருங்கள். அன்றைக்குப் பையனைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவனுக்குப் புதுச் சட்டை போட்டு முதல் பெஞ்சில் உட்கார்த்தி வையுங்கள்.