படம் தெளிந்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் பெரியவர்கள். கண்ணுக்கும் காதுக்கும் ஒருசேர வேலை கொடுக்கும் கருவி ஒன்று சென்ற கோடை விடுமுறையில் என் கைக்கு வந்து சேர்ந்தது. அதனிடம் நான் கற்ற பாடத்தையும், அதனால் என் மனத்தில் எழுந்த ஒரு கோரிக்கையையும் நம் கல்லூரி மலர் வழியாகப் பேராசிரியர்கள் முன்னும் நண்பர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

என் ஊர் புன்னக்காயல். பொதிகையில் பிறந்த தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம். ஆத்தூரில் பேருந்து மாறி வரும் என் நண்பர்களுக்கு அந்தச் சாலை தெரியும். எங்கள் ஊரில் ஆண்கள் கடலுக்குப் போவார்கள், அல்லது கப்பலுக்குப் போவார்கள். அப்படிக் கப்பலுக்குப் போன என் தாய்மாமா, பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வாங்கி வந்த உயர்தெளிவு வீடியோ காமிரா ஒன்று அவர் வீட்டு அலமாரியில் துணி சுற்றிக் கிடந்தது. "பயன்படுத்த ஆள் இல்ல. நீதான் காலேஜ் படிக்கிறியே, எடுத்துட்டுப் போ மாப்ள" என்று தந்துவிட்டார். காலேஜ் படிப்பவனுக்கு எந்தக் கருவியும் இயக்கத் தெரியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

முதல் மூன்று நாள்

கைப்பட்டைக்குள் கையை நுழைத்துப் பிடித்தால் ஒரு டார்ச் லைட்டைப் பிடித்தது போலத்தான் இருந்தது. பக்கவாட்டில் சிறு திரை கதவு போலத் திறக்கும். கட்டை விரலுக்குப் பதிவு செய்யும் பொத்தான். ஆள்காட்டி விரலுக்குத் தொலைவை அருகில் இழுக்கும் ஜூம்.

நாம் வகுப்பில் கணக்குப் போட்டுப் பழகியவர்கள். ஆகவே ஒரு கணக்கு: நம் நாட்டில் முன்பு வழக்கில் இருந்த தொலைக்காட்சி முறையில் ஒரு முழுப் படம் என்பது 720 பெருக்கல் 576, அதாவது 4,14,720 புள்ளிகள். முழு உயர்தெளிவுப் படமோ 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு! பழைய கல்யாண வீடியோவில் மணப்பெண்ணின் முகம் மட்டுமே தெரிந்தது என்றால், இதில் அவள் மாலையின் ஒவ்வொரு இதழும் தெரியும்.

இந்த வகைக் காமிராக்கள் வந்த கதையும் சுவையானது. 2003-ஆம் ஆண்டில் சில ஜப்பானிய நிறுவனங்கள் கூடி, சிறு நாடாவிலேயே உயர்தெளிவுப் படத்தைப் பதிக்கும் எச்.டி.வி. என்னும் முறையை வகுத்தன. 2006-இல் நாடாவே தேவையில்லாத ஏ.வி.சி.எச்.டி. முறை வந்தது. என் கைக்கு வந்தது இந்த இரண்டாவது வகை. அதன் உச்சத் தரத்தில் விநாடிக்கு 24 மெகாபிட் பதிவாகிறது. எட்டால் வகுத்தால் விநாடிக்கு 3 மெகாபைட்; ஒரு மணிக்கு ஏறத்தாழ 10.8 ஜிகாபைட். பதினாறு ஜிகாபைட் மெமரி கார்டு ஒன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும்.

கணக்கு எனக்கு எளிதாக வந்தது. கைதான் வரவில்லை.

முதல் நாள் கடற்கரையில் எடுத்ததை வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, "ஏலே, கடல் எப்பலே இப்படிச் சாஞ்சிச்சு?" என்று கேட்டார். அடிவானம் இடப்பக்கம் சரிந்திருந்தது. கடலில் நாற்பது ஆண்டு அடிவானத்தையே பார்த்துப் பழகியவர் கண்ணுக்கு அந்தச் சிறு கோணலும் தப்பவில்லை. இரண்டாம் நாள் முகங்கள் எல்லாம் கறுத்துவிட்டன. பின்னால் கடல் வெயிலில் பளபளக்கும்போது, அந்த ஒளிக்குத் தக்கபடி காமிரா தன் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. முன்னால் நிற்பவர் நிழலாகிறார். ஆளை வெயில் படும் பக்கமாகத் திருப்பி நிறுத்த வேண்டும் என்ற சிறு விஷயம் தெரிய எனக்கு ஒரு பகல் பிடித்தது. மூன்றாம் நாள் தொலைவில் வரும் படகை ஜூம் போட்டு இழுத்தேன். படகு அருகே வந்தது. என் கை நடுக்கமும் கூடவே பெரிதாகி வந்தது. முக்காலி எதற்கு என்பது அன்று புரிந்தது.

எல்லாம் தோல்வி என்று எண்ண வேண்டாம். அப்பா வலையில் அறுந்த கண்ணிகளைப் பொத்துவதை அரை மணி நேரம் எடுத்தேன். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "என்னங்க, ஒங்க கையில இவ்வளவு வெடிப்பா?" என்றார். இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்த கை அது! தினமும் பார்ப்பதாலேயே நாம் பாராமல் விட்டவற்றை இந்தக் கருவி பார்க்க வைக்கிறது. அன்று முதல் எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டானது.

காற்று தின்ற பேச்சு

அந்த உற்சாகத்தில் தாத்தாவிடம் போனேன். அவர் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் பாய் விரித்துக் கடலோடியவர். இன்று எங்கள் ஃபைபர் படகுகளில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது, கடலுக்கடியில் உள்ள பாரை அது எண்ணில் காட்டிவிடுகிறது. தாத்தா காலத்தில் அப்படி இல்லை. கரையில் தெரியும் கோயிலையும், அதற்குப் பின்னால் உள்ள பனைக்கூட்டத்தையும் ஒரே நேராக வைத்து ஒரு கோடு. வேறு திசையில் வேறு இரண்டு அடையாளங்களை வைத்து மற்றொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் பார். நாம் ஆய கணிதத்தில் படிக்கும் இரு நேர்கோடுகளின் வெட்டுப்புள்ளிதானே இது? பள்ளிக்கூடம் போகாத மனிதர் அதைத் தினமும் நடுக்கடலில் போட்டிருக்கிறார்.

எந்தப் பாருக்கு எவை அடையாளம், வாடைக்கும் கொண்டலுக்கும் சோழகத்துக்கும் எந்த மீன் எந்தப் பக்கம் ஒதுங்கும், நீவாடு மாறுவதை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டேன். "இதுல பேசினா பொறவும் கேக்குமா மக்கா?" என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டு, ஆற்றுமுகத்து மணலில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் சொன்னார். ஒவ்வொரு திசைக்கும் கையை நீட்டி நீட்டிச் சொன்னார். அடிவானத்தை நேராக வைத்திருந்தேன். முகத்தில் வெயில் விழும்படி உட்கார வைத்திருந்தேன். காமிராவை ஒரு மீன்பெட்டியின் மேல் அசையாமல் நிறுத்தியிருந்தேன். குறையே இல்லை என்று நினைத்தேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் படம் கண்ணாடி போல இருக்கிறது. ஒலி? நாற்பது நிமிடமும் காற்று. அங்கொரு சொல் இங்கொரு சொல் தவிர வேறொன்றும் இல்லை. காமிராவில் உள்ள மைக்கின் மெல்லிய சவ்வின் மேல் கடற்காற்று நேரே மோதுகிறது. அந்த மோதலே பேச்சை விடப் பெரிய ஒலியாகப் பதிந்துவிடுகிறது. நேரில் கேட்கும்போது நம் கவனம் காற்றை ஒதுக்கிவிட்டுப் பேச்சைப் பின்தொடர்கிறது. கருவிக்கு அந்தப் பாகுபாடு இல்லை. மைக்கின் மேல் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் சுற்றினால்கூடப் பெருமளவு தப்பித்திருக்கலாம் என்று பிறகு செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். பதிவு செய்யும்போதே காதில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

மறுபடி எடுத்தால் போயிற்று என்று இருந்துவிட்டேன். செமஸ்டர் தேர்வு வந்தது. தேர்வு முடிந்து ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பேச்சு குழறிவிட்டது. இன்று அவர் சொல்வதில் பாதி அம்மாவுக்கு மட்டுமே புரியும்.

என்னிடம் இருப்பது இருபது லட்சம் புள்ளிகளில் ஒரு கிழவரின் கை. அது எதைச் சுட்டுகிறது என்பதைச் சொல்லும் சொல் இல்லை.

எங்கள் ஊருக்கு வந்த பழைய இயந்திரம்

புதிய இயந்திரம் எங்கள் ஊருக்கு வருவது இது முதல் தடவை அல்ல. போர்ச்சுகீசியர் காலத்தில் இக்கரையில் வாழ்ந்து தமிழ் கற்ற அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அவருடைய 'அடியார் வரலாறு' 1586-இல் அச்சானது. அது அச்சேறிய இடம் புன்னக்காயலே என்று ஆய்வாளர் பலர் கூறுவர். அந்நூலின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அப்படி ஒரு படி காக்கப்பட்டிருந்ததால்தான் இராசமாணிக்கம் அடிகளார் 1967-இல் அதனைத் தூத்துக்குடியில் மறுபதிப்பாகக் கொண்டுவர முடிந்தது. எங்கள் ஊரில் அதன் பழைய படி ஒன்றையும் நான் கண்டதில்லை.

காமிராவைக் கையில் எடுத்த தமிழர் ஒருவரின் கதையும் இதையே சொல்கிறது. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்ற ஏ.கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றி ஒரு செய்திப்படம் எடுக்க 1937-இல் உறுதி பூண்டு, உலகெங்கும் அலைந்து சுமார் 50,000 அடி படச்சுருள் திரட்டி, 1940-இல் அதைத் தமிழில் வெளியிட்டார். பின்னாளில் அந்தத் தமிழ்ப் படம் கிடைக்காமல் போயிற்று. வரலாற்றாய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டடைந்தது ஆங்கில வடிவம் ஒன்றின் படியைத்தான்; அதுவும் அமெரிக்காவில், சான்பிரான்சிஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில்!

எடுப்பது பாதி வேலை; காப்பது மறுபாதி. இரண்டாவதில் நாம் தொடர்ந்து தவறி வருகிறோம்.

செல்போன் இருக்கிறதே!

"இப்போது எல்லார் பையிலும் செல்போன் இருக்கிறது. அதில் இதைவிடத் தெளிவாக எடுக்கலாம். பழைய காமிரா எதற்கு?" என்று விடுதி நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. புள்ளிகளை எண்ணினால் இன்றைய நல்ல செல்போன் என் காமிராவை வென்றுவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை கொட்டியதே, பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்றே, அப்போது தாமிரபரணி வெள்ளம் எங்கள் ஊரைச் சூழ்ந்ததை எத்தனையோ பேர் செல்போனில் எடுத்தார்கள். அந்தப் படங்கள் இன்று எங்கே? எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேட்டேன். போன் தண்ணீரில் போயிற்று என்றார்கள். இடம் இல்லை என்று அழித்துவிட்டோம் என்றார்கள். மிஞ்சியவை மூன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட இல்லை.

குறை செல்போனில் இல்லை. அது பேசவும் பாட்டுக் கேட்கவும் பணம் அனுப்பவும் பிறந்த கருவி. அதற்கிடையே படமும் எடுக்கிறது. காமிராவுக்கு வேறு வேலை இல்லை. அதைக் கையில் எடுப்பவன் பதிவு செய்யவே எடுக்கிறான். எதிரே உட்காருபவரும் நம்மை மதித்துக் கேட்க வந்திருக்கிறான் என்று நிமிர்ந்து உட்காருகிறார். முக்காலியும் நல்ல மைக்கும் இருந்து, எடுத்ததை ஒழுங்காகச் சேர்த்து வைக்கும் எண்ணமும் இருந்தால், செல்போனே போதும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

என் கோரிக்கை

நம் கல்லூரிக்குப் பொதுவாக ஒரு வீடியோ காமிராவும், முக்காலியும், காற்று மூடி போட்ட மைக்கும் வேண்டும். ஆய்வகத்தில் கருவிகளைப் பகிர்ந்து பயன்படுத்தும் நிலையில் இது ஆடம்பரம் என்று தோன்றலாம். புதிதாக வாங்க வேண்டியதில்லை. என் மாமா வீட்டு அலமாரி போல எத்தனையோ அலமாரிகளில் பழைய காமிராக்கள் உறங்குகின்றன. முன்னாள் மாணவர்களிடம் கேட்டால் கிடைக்கும்.

விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் நம் ஊரில் ஒரு பெரியவரைப் பதிவு செய்வோம். ஆத்தூர்க் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுபவர், உப்பளத்தில் பாத்தி மிதிப்பவர், பத்தமடையில் கோரை முடைபவர், பனையேறி, எங்கள் ஊர்க் கடலோடி என்று ஆளுக்கு ஒருவர். அவர்கள் இசைவு பெற்று, யார், எந்த ஊர், எந்த நாள் என்று எழுதி, ஒரு படியை அவர்கள் வீட்டுக்கும் ஒரு படியை நம் நூலகத்துக்கும் கொடுப்போம்.

கல்லூரியில் சேரும்போது முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கி வந்தவர்கள் நம்மில் பலர். எனக்கு முன் என் வீட்டில் பட்டதாரி இல்லை என்று அந்தத் தாள் சொல்கிறது, அது உண்மை. படிப்பே இல்லை என்று அது சொல்லவில்லை. அந்தப் படிப்புக்குப் புத்தகம் இல்லை. அதை எழுத வேண்டிய ஆள் நாம்தான்.

போன வாரம் தாத்தாவிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். காற்றின் இரைச்சலைப் பொருட்படுத்தாமல் தன் கையையே உற்றுப் பார்த்தார். பிறகு நடுங்கும் கையை மறுபடியும் அதே திசைக்கு நீட்டி ஏதோ சொன்னார். அம்மா அருகில் இருந்து சொல் சொல்லாகச் சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். இரண்டு பார்களின் அடையாளம் கிடைத்திருக்கிறது. இன்னும் எத்தனையோ உண்டு.

நண்பர்களே, உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு தாத்தாவோ ஆச்சியோ இருப்பார்கள். இந்த விடுமுறையிலேயே போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். மைக்கின் மேல் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் சுற்ற மறக்காதீர்கள்.